பூச்சாண்டி போட்டவர் கை தூக்கவும்

வெள்ளைக்கரடு ஆய்வுக்கூடத்தில் பொய் சொல்வது ஒரு பொறுப்பான வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் ஒரு எவர்சில்வர் டப்பாவிலிருந்து மடித்த சீட்டை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு, கழிவறைக்குப் போய்ப் பிரித்துப் பார்ப்பார்கள். இரண்டு சீட்டில் மட்டும் ஒரு புள்ளி இருக்கும். புள்ளி வந்தவர்கள் அடுத்த குலுக்கல் வரைக்கும் பூச்சாண்டிகள். யாருக்கு வந்தது என்று இயக்குநருக்கும் தெரியாது. அந்த இருவருக்கே ஒருவரையொருவர் தெரியாது.

பூச்சாண்டியின் கடமை, தனக்குத் தோன்றிய ஒரு நாளில், கேட்கும் கருவியின் கணினிக்குள் ஒரு பொய் நடுக்கத்தைக் கலந்துவிடுவது. நிஜ நடுக்கம் அதுவரை வந்ததே இல்லை. வராத ஒன்றுக்காக வருடக்கணக்கில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் என்றைக்காவது அசந்துவிடுவான் இல்லையா, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. நடுக்கத்தைக் கண்டுபிடித்து, எல்லாச் சோதனைகளையும் செய்து, எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டிய பிறகு, இயக்குநர் குலசேகரன் அனைவரையும் அரங்கில் கூட்டி, "பூச்சாண்டி போட்டவர் கை தூக்கவும்" என்பார். யாராவது அசட்டுச் சிரிப்போடு கை தூக்குவார்கள். அன்றைக்குக் கேன்டீனில் கேசரி.

முன்பெல்லாம் பூச்சாண்டிகள் தாங்கள் போட்டதை எழுதி ஒட்டிய உறையில் வைப்பது வழக்கமாக இருந்தது. எவனோ உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டான். அதிலிருந்து எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். கணினியும் பொய்யின் தடத்தை உடனே அழித்துவிடும்படி செய்துவிட்டார்கள். தூக்கிய கைதான் ஒரே சாட்சி. விஞ்ஞானிகள் பொய் சொல்லமாட்டார்கள் என்று நம்பியவர்கள் விஞ்ஞானிகள்தான். வேறு எந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கும் அப்படி ஒரு யோசனை வந்திருக்காது.

ஆய்வுக்கூடம் சேலத்துக்கு மேற்கே ஒரு கைவிட்ட சுரங்கத்தின் அடியில் இருந்தது. தலைக்கு மேலே வெள்ளைக்கரடு என்ற ஊர். பஸ் ஸ்டாண்டு, இரண்டு பள்ளிக்கூடம், ஆய்வுக்கூடத்துக் குடியிருப்பு, வாரச் சந்தை. கீழே, காந்தங்களுக்கு நடுவே, கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை. நூறு வருடத்துக்கும் மேலாகச் சமன்பாடுகளில் மட்டும் குடியிருந்த புழுத்துளையை இவர்கள் நிஜமாகவே போட்டுவிட்டார்கள். அதன் ஒரு வாய் இங்கே இருந்தது. மறு வாயை ஒரு கப்பலில் ஏற்றி, சூரியக் குடும்பத்தின் விளிம்பைத் தாண்டி அனுப்பியிருந்தார்கள்.

அந்தக் கப்பலில் மூன்று பேர். அதில் ஒருத்தி கயல்விழி, மின்பொறியாளர். அவளுடைய அக்கா பூங்கோதை இங்கே சுரங்கத்தில், துளை நடுங்குகிறதா என்று காது வைத்திருக்கும் கேட்கும் கருவிப் பிரிவில் இருந்தாள். அவர்களுடைய அம்மா மேலே குடியிருப்பில் பூங்கோதையோடு இருந்தாள். அம்மாவுக்கு இந்தச் சங்கதி எதுவும் பிடிபடவில்லை. ஒரு நாள் பூங்கோதை சமையலறையில் ஒரு கத்தரிக்காயைக் கையில் எடுத்துக்கொண்டு விளக்கிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் போகணும்னா எறும்பு மேலாலயே சுத்திக்கிட்டுப் போகணும். புழு உள்ளாற துளைச்சுக்கிட்டு நேரா போயிடும். அதாம்மா புழுத்துளை. கயல் எங்கயோ இருக்கா, ஆனா துளை வழியா பேசினா பக்கத்து ரூம்ல இருக்கற மாதிரி."

"புழு விழுந்த காயைத் தூக்கிப் போடுவாங்க. நீங்க அதை நம்பி எம்பொண்ணை அனுப்பியிருக்கீங்க" என்றாள் அம்மா.

நம்பித்தான் அனுப்பியிருந்தார்கள். கப்பலில் எரிபொருள் கிடையாது. சுரங்கத்தில் இந்த வாய்க்குள் ஊற்றும் ஒளி அந்த வாய் வழியாக வெளியே வரும். அதில்தான் கப்பல் ஓடியது, அதில்தான் மூச்சுக்காற்றும் சூடும் விளக்கும். இப்போது கப்பல் வீட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது. வந்த வேகத்தைக் குறைப்பதற்கும் அந்த ஒளிதான் வேண்டும். துளை மூடிக்கொண்டால், பிரேக் இல்லாத பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போவதுபோல, கப்பல் சூரியனைத் தாண்டி மறுபக்கத்து இருட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கும்.

துளைக்கோ மூடிக்கொள்வதுதான் சுபாவம். காலியிடம் என்று நாம் நினைப்பது நிஜத்தில் காலி இல்லை. அதைக் கசக்கிப் பிழிந்தால் துளியளவு எதிர் ஆற்றல் கிடைக்கும். அந்தத் துளியை வைத்துத்தான் துளையின் தொண்டையை விரித்துப் பிடித்திருந்தார்கள். பிடி நழுவினால் என்ன ஆகும் என்பதில் கோட்பாட்டுக்காரர்களிடையே நெடுநாள் சண்டை. அந்தச் சண்டையில் ஜெயித்தவர் தேவசகாயம். ஆய்வுக்கூடத்தின் கோட்பாட்டுப் பிரிவுத் தலைவர், தனியாள், எப்போதும் சட்டைப் பையில் சுண்ணக்கட்டி வைத்திருப்பவர். கப்பல் கிளம்பிய புதிதில் கேன்டீனில் பூங்கோதைக்கு அவரே அதை விளக்கியிருந்தார்.

"கல்யாண மண்டபத்துல மைக்கை ஸ்பீக்கர் முன்னாடி கொண்டுபோனா என்னம்மா ஆகும்? கீன்னு கத்தும். ஸ்பீக்கர்ல வந்த சத்தமே மறுபடி மைக்குல போய், இன்னும் பெருசா வரும். இங்கேயும் அப்படி ஆகும்னு சிலர் சொல்றாங்க. வேகமா போற கப்பலோட கடிகாரம் நம்மளதைவிட மெதுவா ஓடுது. அதனால கப்பல் கிட்ட வரவர, ஒரு வாய்ல வந்த வெளிச்சம் வெளியால போய் இன்னொரு வாய்க்குள்ள புகுந்து, தான் கிளம்பின நேரத்துக்கே வந்து தன்கூடவே சேர்ந்துக்கும். மறுபடி சுத்தும், மறுபடி சேரும். முதல்ல லேசா நடுங்கும். அப்புறம் துளையே கிழிஞ்சுடும்னு அவங்க கணக்கு."

"கிழியுமா சார்?"

"கிழியாது. ஏன் கிழியாதுன்னுதானே நான் எழுதியிருக்கேன். அதை வச்சுத்தானே கப்பலைத் திரும்பக் கூப்பிடப்போறோம்."

இருந்தாலும் விதி ஒன்று வைத்திருந்தார்கள். சத்தமில்லாமல் மூடினால் துளை தன்பாட்டுக்குச் சுருங்கிப்போகும். எந்தப் பக்கத்திலிருந்தும் மூடலாம். கிழிந்தால் கப்பலும் மிஞ்சாது, சுரங்கத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் ஊரும் மிஞ்சாது. நடுக்கத்துக்கும் கிழிசலுக்கும் நடுவே எவ்வளவு அவகாசம் என்று எந்தச் சமன்பாடும் சொல்லவில்லை. ஊரைக் காலி செய்ய நேரம் இருக்குமென்று நம்ப முடியாது. ஆகவே நடுக்கம் நிஜம் என்று தெரிந்தால் அன்றே துளையை மூடிவிட வேண்டும். கப்பலில் போன மூவரும் இதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கயல் கையெழுத்துப் போட்ட அன்றைக்குப் பூங்கோதை சாப்பிடவில்லை.

நடுக்கம் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது.

கேட்கும் கருவிப் பிரிவே அல்லோலகல்லோலப்பட்டது. பூங்கோதை மட்டும் பதறவில்லை. அந்தப் பருவத்தின் புள்ளிச் சீட்டுகளில் ஒன்று அவளுக்கு வந்திருந்தது. அவள் இன்னும் தன் பூச்சாண்டியைப் போடவில்லை. அப்படியென்றால் இது அந்த இன்னொரு ஆள் போட்டது. யாராக இருந்தாலும் கெட்டிக்காரர்தான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து ஒவ்வொரு சோதனையாகச் செய்தாள். காந்தங்களில் கோளாறு இல்லை. சுரங்கத்தில் அதிர்வு இல்லை. எல்லாச் சோதனையிலும் நடுக்கம் தேறியது.

மதியம் அவள் அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு அலையும் முந்தையதைவிட ஒரு மயிரிழை பெரிது. அந்த மயிரிழையும் சீராக இல்லை. உயிருள்ள ஒன்று மூச்சு விடுவதுபோலக் கொஞ்சம் தயங்கித் தயங்கி வளர்ந்து, சட்டென்று நின்றிருந்தது. அப்படி ஒன்றைச் செய்யத்தான் அவளே சில வாரங்களாக முயன்றுகொண்டிருந்தாள். கையால் செய்தால் எவ்வளவு செய்தாலும் செய்ததுபோலத்தான் இருந்தது. கயலைக் கூப்பிட எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். கை தூக்கும் கூட்டம் முடியும்வரை இதைப் பற்றிக் கப்பலோடு பேசக்கூடாது என்பது விதி. பொய்யாக இருந்தால் அந்த மூவரையும் வீணாகக் கலவரப்படுத்துவானேன் என்ற கரிசனம்.

அரங்கில் எல்லோரும் உட்கார்ந்ததும் குலசேகரன் மேடையேறினார். சிரிக்க முயன்றார்.

"பூச்சாண்டி போட்டவர் கை தூக்கவும்."

யாரும் தூக்கவில்லை. தலைகள் மட்டும் திரும்பின. பூங்கோதை முன் வரிசையில் இருந்தாள். பின்னால் யாருடைய நாற்காலியாவது அசைகிறதா என்று காது கொடுத்துக் கேட்டாள்.

மூன்று முறை கேட்பது வழக்கம். இரண்டாம் முறை கேட்டபோது குலசேகரனின் குரலில் சிரிப்பு இல்லை. துளையை மூடும் பிரிவிலிருந்து ஒருவர் எழுந்து கதவருகே போய் நின்றார். பூங்கோதை திரும்பினாள். அவர் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. முந்தின நாள்தான் கயல் வேகம் குறைப்பு நன்றாகப் போகிறது என்றும், வீட்டுக்கு வந்ததும் ஒரு வாரம் தூங்கப்போவதாகவும், யாரும் எழுப்பக்கூடாது என்றும் சொல்லியிருந்தாள்.

"கடைசியாகக் கேட்கிறேன். பூச்சாண்டி போட்டவர் கை தூக்கவும்."

பூங்கோதை கையைத் தூக்கினாள்.

யோசித்துத் தூக்கினாள் என்று சொல்ல முடியாது, யோசிக்காமல் தூக்கினாள் என்றும் சொல்ல முடியாது. தலைக்கு மேலே ஒரு ஊர் இருப்பதும், அதில் தன் அம்மாவே இருப்பதும் அவளுக்குத் தெரியும். அந்த ஒரு கணத்தில் கயல்தான் பெரிதாகத் தெரிந்தாள். அரங்கம் முழுவதும் மூச்சு விட்டது. யாரோ கை தட்டினார்கள். பிறகு கைதட்டல் பாதியில் நின்று, எல்லோரும் பின் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே தேவசகாயமும் கை தூக்கியிருந்தார்.

குலசேகரன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பாவம், நெஞ்சில் அவ்வளவு பயம் இருந்திருக்கிறது. இரண்டு பூச்சாண்டிகளும் ஒரே நாளில் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன, அதனால்தான் இப்படி மிரட்டியிருக்கிறது என்று அவரே காரணமும் சொல்லிவிட்டார். அப்படி அமைவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று அந்த அரங்கில் எவரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. கணக்கே பிழைப்பாக இருப்பவர்கள்தான் எல்லோரும். கப்பலுக்கு இந்த வேடிக்கையைத் தானே சொல்வதாகக் கூறிவிட்டு அவர் போனார். கேன்டீனில் கேசரி கிண்ட ஆரம்பித்தார்கள்.

நடைக்கூடத்தில் பூங்கோதை தேவசகாயத்தை மறித்தாள். நீங்கள் போட்டது எப்படிப்பட்ட அலை என்று கேட்டாள். அவர், நீங்கள் போட்டது எப்படிப்பட்டது என்று திருப்பிக் கேட்டார்.

"உங்களைப் பார்த்தேன்மா. ரெண்டாவது தடவை கேட்டப்ப நீங்க திரும்பினீங்க. அந்த முகத்தைப் பார்த்துட்டு என்னால கையைக் கீழே வச்சுக்கிட்டு இருக்க முடியல. புள்ளிச் சீட்டு எனக்குத்தான் வந்திருந்தது. ஆனா நான் எதுவும் போடல" என்றார் தேவசகாயம்.

"நானும் போடல சார்."

அவருடைய இரக்கம் நிஜமாகவே இருக்கலாம். அந்த நடுக்கம் நிஜமானால் அவர் வாழ்நாளெல்லாம் எழுதியது பொய் என்பதும் அவர் கையைத் தூக்கிவிட்டிருக்கலாம். இரண்டில் எது என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஒரே ஒரு தடவைதானே, திரும்ப வராமலும் போகலாம் என்றார். இயக்குநரிடம் சொல்லிவிடலாம் என்றாள் பூங்கோதை. சொன்னால் உடனே மூடிவிடுவார்கள் என்றார் அவர். அது அவளுக்கும் தெரியும் என்பதால் நின்ற இடத்திலேயே நின்றாள். அப்போது ஒருவர் வந்து, கப்பலிலிருந்து தங்கை கூப்பிடுகிறாள் என்றார்.

குடும்பத்தாரோடு பேசுவதற்கென்று ஒரு சின்னக் கண்ணாடி அறை உண்டு. அங்கே பேசுவது பதிவாகாது. பூங்கோதை உட்கார்ந்ததும் கயலின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோலத் தெளிவாக வந்தது.

"கை தூக்கினியாமே. டைரக்டர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறார். ரெண்டு கையாமே?"

"ஆமா."

"ஒண்ணு கேக்கறேன். பூச்சாண்டி உங்க கம்ப்யூட்டருக்குள்ள மட்டும்தானே இருக்கும்? துளைக்குள்ள எதையும் போடமாட்டீங்கல்ல?"

"மாட்டோம்."

"அப்ப இங்க காலையில விளக்கெல்லாம் ஏன் நடுங்குச்சு?"

கயலே தொடர்ந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அதிகமாகி, சட்டென்று நின்றதாகச் சொன்னாள். மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். வயரில் ஏதாவது இருக்கும் என்றாள் பூங்கோதை.

"வயரைப் பாக்கறவளே நான்தானே" என்றாள் கயல். கோபமில்லாமல்தான் சொன்னாள். பிறகு, "அம்மா என்ன பண்ணிக்கிட்டு இருக்கு?" என்று கேட்டாள்.

"மேல துணி காயப்போட்டுக்கிட்டு இருக்கும்."

அந்தப் பக்கம் கயல் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. கப்பல் தலைவி ஹஸீனாவின் குரலும் மருத்துவர் ரூபனின் குரலும் பதில் சொன்னன. ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

"எங்க பக்கத்து வாயை நாங்களே மூடிடறோம்" என்றாள் கயல். "மூணு பேரும் பேசி முடிச்சாச்சு. டைரக்டர் சிரிச்சப்பவே பேசிட்டோம். நீ உண்மையிலயே போட்டிருப்பியோன்னு ஒரு ஆசையிலதான் கூப்பிட்டேன்."

வேண்டாம் என்றாள் பூங்கோதை. திரும்ப வராமலும் போகலாம் என்று தேவசகாயம் சொன்னதையே சொன்னாள். வந்தால் என்று கேட்டாள் கயல். தான் பொய் சொன்னதை இப்போதே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றாள் பூங்கோதை.

"சொல்லாத. சொன்னா உன்னைப் பிடிச்சு உள்ள போடுவாங்க, அம்மாவை யாரு பாப்பா? இங்க நடக்கறது எப்படியும் நடக்கத்தான் போகுது. எனக்காகத்தான் தூக்கினேன்னு தெரியும். உன்னைக் கன்னாபின்னான்னு திட்டணும்போல இருக்கு. ஆனா உன் இடத்துல நான் இருந்தாலும் தூக்கியிருப்பேன்."

"கயல்."

"பயமாத்தான் இருக்கு. வச்சுடறேன்."

சத்தமே இல்லை. சுரங்கத்தில் காந்தங்களுக்கு நடுவே இருந்த துளை சுருங்கி இல்லாமல் போனது. கேசரியைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அபாய மணி கேட்டு ஓடினார்கள். பூங்கோதை கண்ணாடி அறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தங்கை போய்விட்டாள் என்று அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். தன் கையை நினைத்து அவள் அழுதது யாருக்கும் தெரியாது.

விசாரணை நடந்தது. நடுக்கம் பொய் என்பதற்கு இரண்டு கைகள் சாட்சி. துளை இருக்கும்போது பெரிய ஆன்டெனா எதற்கு என்று கப்பலின் எடையைக் குறைத்திருந்ததால், அந்தப் பக்கத்துக் கதையைச் சொல்ல அவர்களுக்கு வழியில்லை. இயக்குநர் சொன்ன வேடிக்கையைக் கேட்டு, அதை நம்பாமல், பயத்தில் புத்தி தடுமாறித் துளையை மூடிக்கொண்டார்கள் என்று முடிவாயிற்று. குடும்ப அறையில் கடைசியாகப் பேசியவள் கயல்விழி என்பதால் பத்திரிகைகள் அவளைப் பிடித்துக்கொண்டன. பயந்தாங்கொள்ளி என்று ஒரு பத்திரிகை தலைப்பே போட்டது. அவள் என்ன பேசினாள் என்று விசாரணையில் கேட்டபோது, அழுதாள், வேறு ஒன்றும் சொல்லவில்லை என்றாள் பூங்கோதை.

அம்மா கயலின் படத்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். கூடப் போன இரண்டு பேரையும் சேர்த்துக் கொன்றுவிட்டாளே என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் தலைகுனிந்து சொன்னாள். அந்த வீட்டில் பிறகு கயலின் பெயரை யாரும் எடுக்கவில்லை.

தேவசகாயத்தின் கோட்பாட்டை மறுக்க ஒரு சான்றும் இல்லை. அவருக்கு விருதுமேல் விருது வந்தது. அவரும் பூங்கோதையும் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கிப் போனார்கள். மனிதர்களை வீணாகக் கலவரப்படுத்தியதற்காகப் பூச்சாண்டி வழக்கத்தை ஒழித்தார்கள். வராத நடுக்கத்துக்கு இவ்வளவு பேர் எதற்கு என்று கேட்கும் பிரிவையும் பாதியாகக் குறைத்தார்கள். மிச்சமிருந்த பாதிக்குப் பூங்கோதை தலைவியானாள்.

அதற்கடுத்த வருடம் புதிய துளைக்கு அனுமதி கிடைத்தது. பழையதைவிடப் பல மடங்கு அகலம். மறு வாயை அதிவேகத்தில் தொலைதூரம் கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு, திரும்பும் வழியில் சூரியனுக்குப் பக்கத்தில் நிறுத்தி, இந்த வாய் வழியாக சென்னை நகரம் முழுவதற்கும் மின்சாரம் எடுப்பதாகத் திட்டம். கம்பி இழுக்கும் செலவு மிச்சமாகட்டும் என்று இந்த வாயைச் சென்னைக்கு அடியிலேயே வைக்கப்போகிறார்கள்.

பூங்கோதை இயக்குநரின் அறை வாசல்வரை பலமுறை போனாள். கயலே சொல்லவேண்டாம் என்றுதான் சொன்னாள் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டு திரும்பினாள். கயல் அதைச் சொன்னது தூக்கிய ஒரு கைக்காக, அம்மாவுக்காக. ஒரு நகரத்தை அவள் மனதில் வைத்துச் சொல்லவில்லை. அது பூங்கோதைக்குத் தெரியும். தெரிந்தும் கால் வாசலைத் தாண்டவில்லை.

அனுமதிச் செய்தி தொலைக்காட்சியில் வந்த மாலை, அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திரையில் புதிய கப்பலின் படத்தைக் காட்டினார்கள்.

"இதுலயும் ஆளு போவாங்களா?" என்று கேட்டாள்.

"போவாங்கம்மா. ஆளைத் தேர்ந்தெடுக்கற குழுவுல என்னையும் போட்டிருக்காங்க."

அம்மா கீரைத் தண்டை ஒடித்துப் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தத் தடவையாவது பயப்படாத புள்ளையாப் பாத்து அனுப்பு. நம்ம கயல் மாதிரி அனுப்பிடாத."

"சரிம்மா" என்றாள் பூங்கோதை.